பிளக்கை மட்டும் துடைத்தேன்

கரிக்கலாம்பாக்கத்தில் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மரம் வெட்டும் சவரி அண்ணன், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துபோகிறது என்று தன் பழைய மரம் அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்தார். ஸ்பார்க் பிளக்கை மட்டும் துடைத்துவிட்டு, "எல்லாம் கழட்டிப் பாத்துட்டேண்ணே" என்று கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் புயலில் கடைமேல் புளியமரம் சாய்ந்தது. நான் கீழே விழ, என் காலைக் கிளை அழுத்திக்கொண்டது. மழைத்தண்ணீர் உள்ளே ஏறியது. ஓடிவந்த கூட்டத்தில் சவரி அண்ணனும் இருந்தார், அதே மிஷினோடு.

கிளையில் வைத்ததும் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார், மறுபடியும் அணைந்தது. தண்ணீர் என் தாடையைத் தொட்டது.

"இன்னாபா இது, நேத்துதான பாத்த?"

முகத்தைத் திருப்பக்கூட எனக்கு இடமில்லை.

"பாக்கலண்ணே, பொய் சொல்லிட்டேன். டேங்குக்குள்ள பில்டர் அடைச்சிருக்கும். கம்பி வுட்டு இழுங்கண்ணே."

ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு பில்டரை இழுத்து, பெட்ரோலில் அலசி மாட்டினார். இந்த முறை மிஷின் நிற்காமல் ஓடியது. கிளை துண்டாகி என் கால் வெளியே வந்தது.

"இன்னா சொன்னான் அவன்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வலியில இன்னாவோ ஒளர்றான்பா" என்றார் சவரி அண்ணன்.

இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.