கன்னு ஊட்டட்டும், மாமா

ஆத்தா முன்னால நின்னு பொய் சொல்ல மாட்டனுங்க. போன ஆடியில நான் இந்தக் கோயிலுக்குக் கும்புட வரலை, அழுகத்தான் வந்தேன். எங்க மாமனாரைச் சித்தூர்ல ஒரு ஆசுபத்திரியில சேத்தியிருந்தோம். நெஞ்சுச்சளி. அதோட மறதி வியாதி வேற. பெத்த மகனையே ஆருன்னு கேப்பாரு. ஆனா சாயங்காலம் பால் பீச்சற நேரம் மட்டும் மறக்காது. "மாடு கத்துது"ன்னு கட்டிலை உட்டு எறங்கிருவாரு. காலு நிக்காது. ஒருக்கா உழுந்து நெத்தியில தையல் போட்டாச்சு. இன்னொருக்கா உழுந்து இடுப்பு முறிஞ்சா எந்திரிக்கவே மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அப்பத்தான் கோயமுத்தூர்ல இருந்து எங்க கொழுந்தனாரு வந்தாருங்க, கையில ஆப்பிளும் வாயில புத்திமதியுமா. "கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பியத் தூக்கி உடுங்க அண்ணி. இதுக்குப் போயி அழுதுட்டு!" பெரிய கண்டுபுடிப்பு! மாமா கம்பி மேல ஏறி, இன்னும் ஒசரத்துல இருந்து உழுந்தாரு. நல்லவேளை, தோள்ல சிராய்ப்போட போச்சு. மனுசன் கொஞ்சமாச்சும் வெக்கப்படோணுமே? தன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து அப்பன் கையக் கட்டிலோட கட்டிப்போட்டாரு. "அப்பா உழுகாம இருந்தா ஆத்தாளுக்கு வெங்கல மணி"ன்னு வேண்டிக்கிட்டாரு. காப்பி குடிக்கக் கீழ போயிட்டாரு. தூ! சாமிகிட்டயே யாவாரம் பேசற மூஞ்சியப் பாருங்க!

மாமா என்னைப் பாத்து, "ஏன் அம்மிணி, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"னு கேட்டாரு.

துண்டை அவுத்து வீசுனேன். "ஆத்தா, இவருக்கு ஞாபகம் திரும்ப வேண்டாம். இன்னைக்கு உழுகாம காப்பாத்து. எனக்கு வழி தெரியலை"ன்னு கட்டிலோரத்துலயே நின்னு கதறுனேன். கண்ணத் தொடைக்கறதுக்குள்ள மாமா காலைக் கீழ போட்டுட்டாரு. "மாடு கத்துதே!" புடிக்க ஓடுன என் வாயில, நான் நெனைக்காத வார்த்தை வந்துச்சுங்க.

"கன்னு இன்னும் ஊட்டுதுங்க மாமா. ஊட்டட்டும்."

நம்ம ஊட்டுல கன்னு காம்புல வாய் வெச்சு ஊட்டி மடி சொரக்காம ஆரும் பால் பீச்ச மாட்டோமில்ல, பக்கத்துலயே குத்தவெச்சுக் காத்திருப்போமில்ல, அந்தப் பழக்கம் மட்டும் அவருக்குள்ள அழியாம கெடந்திருக்குது. "ஆமா, வயிறார ஊட்டட்டும்"னு அப்படியே உக்காந்துட்டாரு. சிஸ்டர் வந்து கட்டிலைத் தாழ எறக்குனாங்க, வழுக்காத செருப்பு மாட்டுனாங்க. ரெண்டு பேரும் தாங்கிக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போனோம். பாவம், பாதி அவசரம் அதுதானுங்க!

அப்புறம் தெனமும் அந்த நேரத்துக்கு முந்தியே கூட்டிட்டுப் போயிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து கன்னுப் பேச்சுப் பேசுனேன். ஊடு வர்ற வரைக்கும் அவரு உழுகவே இல்லை.

"என் மணிக்குத்தான் ஆத்தா எறங்குனா"ன்னு கொழுந்தனாரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. மணி இன்னும் வரலீங்க. முந்தியெல்லாம் அவரு பேசுனாத் தலையக் குனிஞ்சுக்குவேன். இப்ப மணி எங்கன்னு மூஞ்சிக்கு நேராவே கேக்கறேன்.

உங்க ஊட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா ஆத்தாகிட்டக் கேளுங்க, வழி காட்டுவா. ஆனா கட்டிப்போட்ட கைய மொதல்ல அவுத்துட்டு வந்து கேளுங்க.

நேத்து சாயங்காலம் மாட்டுச்சாளையில மாமா என் பக்கத்துல உக்காந்திருந்தாரு. நான் ஆருன்னு அவருக்குத் தெரியாது. நேரமாச்சேன்னு கன்னை இழுக்கப் போனேன். என் கையப் புடிச்சுக்கிட்டாரு.

"அவசரப்படாத அம்மிணி. ஊட்டட்டும்."