சாப்பிடுவீங்களா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களிடம் கேள்விகள் கேட்டு, பின்னாளில் மறுபடியும் மாட்டுவார்களா என்று கணிப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வேலை. லைசென்ஸ் திரும்பக் கிடைப்பது அதைப் பொறுத்தது.

அப்படி வந்தவர்தான் அந்த ராஜபாளையத்து லோடு ஆட்டோக்காரர். பெரிய மீசை, தேய்த்த வெள்ளைச் சட்டை. பிடிபட்ட வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நின்றது. மாற்றுச் சாவி மட்டும் கையில். பதில் சொல்லுமுன் அதைக் காற்றில் ஒரு திருகு திருகுவார், ஸ்டார்ட் ஆனால்தான் பேச்சு வரும் என்பதுபோல.

வயதில் மூத்தவரிடம் ‘குடிப்பீங்களா’ என்று கேட்க நாக்கு எழவில்லை. மரியாதையாக, “தினமும் சாப்பிடுவீங்களா?” என்றேன்.

“சாப்பிடாம ஏலுமா சார்?”

“காலையிலேயா?”

“காலையில சாப்பிட்டாத்தான லோடு ஏத்த முடியும்!”

“வீட்டில் குறைக்கச் சொல்ல மாட்டாங்களா?”

“அவதான் சார் இன்னுங் கொஞ்சம்னு ஊத்துவா.”

‘கட்டாயம் மாட்டுவார்’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

“அவ சாம்பாரு அப்படி” என்றார்.

பேனாவை வைத்துவிட்டு, நான் கேட்டது குடியைப் பற்றி என்றேன். சாவி இரண்டு முறை திரும்பியது.

“அத அப்படியே கேட்டிருக்கலாம்லா? அது எப்பமாச்சும்தான்.”

‘எப்பமாச்சும்’ என்பதற்கு என் தாளில் கட்டம் இல்லை. அரைமனதாக, ‘மாட்டமாட்டார்’ என்று எழுதினேன்.

சில வருஷம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு லோடு ஆட்டோ என் பக்கத்தில் வந்து நின்றது. அதே மீசை. பழக்கதோஷத்தில், “சாப்பிட்டீங்களா?” என்றேன்.

அவர் சாவியைத் திருகி வண்டியை அணைத்தார்.

“எதக் கேக்கீய சார்?”

விழுந்து விழுந்து சிரித்தார். பதில்தான் சொல்லவில்லை.