இனி லைட் வெட்டமாட்டார்கள்

அன்று மொட்டைமாடியில் நின்றவர்கள் ஐந்து பேர். மேல்வீட்டு அங்கிள், அவருடைய மனைவி, நடுவீட்டு நானா, சோலர் கம்பெனியிலிருந்து வந்த டை கட்டிய மனிதர், கீழ்வீட்டிலிருந்து நான். என் வீட்டுக்காரர் வரவில்லை. இரவு முழுக்க ஒரு ஹோட்டல் வாசலில் காவலுக்கு நின்றுவிட்டு வந்து படுத்திருந்தார். எழுப்பியதற்கு, "நீயே போய்க் கேள், எப்படியும் வந்து என்னட்ட நூறு தரம் கேட்கத்தான் போறாய்" என்று சொல்லி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. யார் யார் நின்றார்கள் என்பதை நான் மறக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. பிறகு எல்லோரும், தாங்கள் அங்கே நிற்கவே இல்லை என்பது போலக் கதைத்தார்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் கட்டடம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வீடு. மேலே இருக்கும் அங்கிள் வங்கியில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நடுவில் இருக்கும் முஸ்லிம் அண்ணனுக்கு, எங்களுக்கு அவர் நானா, துணிக்கடை. கீழே நாங்கள். எங்கள் வீட்டு ஹோலில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய பிரீசர் இருந்தது. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாம் பொரிக்காமல் செய்து உறையவைத்து, கடைகளுக்குக் கொடுப்பேன். அவர்கள் தேவையான நேரம் எடுத்துப் பொரித்துக்கொள்வார்கள். வீட்டுக்காரரின் சம்பளம் வாடகைக்கு. மற்ற எல்லாம் அந்த பிரீசருக்குள்ளிருந்துதான் வந்தது.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில், நாளுக்கு எத்தனையோ மணித்தியாலம் லைட் இல்லாமல் கிடந்தபோது, நான் பிரீசரைப் பழைய போர்வைகளால் சுற்றிவைத்துவிட்டு ஐஸ்கட்டி தேடி மீன்சந்தைக்கு ஓடினேன். மூடியைத் திறந்து பார்த்தால் குளிர் போய்விடும், பார்க்காவிட்டால் எனக்கு உயிர் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு பல்பு மினுங்கினாலே போர்வை எடுக்க ஓடுவேன்.

வசதி இருந்தவர்கள் அந்த வருடமே தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். நானா கடைக்கு ஜெனரேட்டர் வாங்கினார். அங்கிள் தன் வீட்டுக்குள் பற்றறி வைத்தார், லைட் போனாலும் ஃபேன் சுற்றும். பிறகு நிலைமை கொஞ்சம் சரியானதும்தான் அவருக்குக் கூரை யோசனை வந்தது. மூன்று வீடும் சேர்ந்து சோலர் பூட்டுவோம், கூரையில் விளையும் கரண்டை மின்சார சபையின் லைனுக்கே விற்போம், வரும் காசை மூன்றாகப் பிரிப்போம் என்றார்.

அங்கிளும் அன்ரியும் அந்த நேரம் பூமியைக் காப்பாற்றத் தொடங்கியிருந்தார்கள். கடைக்குத் துணிப்பை, பல்லுக்கு மூங்கில் பிரஷ், ஜூஸுக்குக் கழுவிப் பாவிக்கிற இரும்புக் குழாய். என் கட்லட் பிளாஸ்ரிக் பெட்டியில் வருகிறது என்று அன்ரி வாங்குவதை நிறுத்தினார். நானும் பயந்துபோய்க் கடதாசிப் பெட்டிக்கு மாறினேன். கடதாசிப் பெட்டி இரண்டு மடங்கு விலை. கடைக்காரர் யாரும் ஒரு ரூபாய் கூட்டித் தரவில்லை. அன்ரி பெட்டியைத் தடவிப் பார்த்து, நல்ல வேலை செய்தீர் என்று பாராட்டினார். வாங்கவில்லை. எண்ணெய்ச் சாப்பாட்டையும் அந்த மாதம்தான் நிறுத்தியிருந்தார்.

அன்று மொட்டைமாடியில் டை கட்டியவர் வெயிலை அளக்கிறவர் போல அங்குமிங்கும் நடந்தார். நாங்கள் உடுப்புக் காயப்போடும் கம்பிகளைக் கழற்றவேண்டும் என்றார். அங்கிள் உடனே ஓம் என்றார், அவர் வீட்டில் உடுப்புக் காயவைக்க மெஷின் இருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நெருப்புப் பிடிக்குமா, இடி விழுமா, கடற்காற்றில் ஆணி துருப்பிடிக்குமா, காகம் எச்சமிட்டால் யார் கழுவுவது. நானா சிரித்துக்கொண்டு, "கேள்விக்கும் ஒரு மீட்டர் பூட்டினா தங்கச்சிட பில்ல யாராலயும் கட்டேலா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அங்கிள் டை கட்டியவரிடம் எங்கள் படிக்கட்டு லைட்டின் கதையைச் சொன்னார். மூன்று வீட்டுக்கும் பொதுவான பில்லை மற்றவர் கட்டுவார் என்று எல்லோரும் இருந்துவிட, குறட்டோடு ஆள் வந்து லைனை வெட்டிவிட்டுப் போனதும், தண்ணீர் மோட்டரும் அதே லைனில் என்பதால் எல்லோரும் வாளி தூக்கியதும். அங்கிள் பாதி இங்கிலீஷில் சொன்னதை நானா சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார். அவர் நன்றாக ரசித்துக் கேட்டார்.

என் மனதில் பிரீசர்தான் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்ததால் தெருச் சிங்களம் தடையில்லாமல் வரும். நானே நேராகக் கேட்டேன்.

"லைட் கெபுவொத்?" லைட் வெட்டினால் என்ன என்று.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆயெத் லைட் கபன்னே நே, அக்கே."

இனி லைட் வெட்டமாட்டார்கள், அக்கா. அவ்வளவுதான் சொன்னார். நான் கேட்ட சொல்லையே எடுத்துத் திருப்பித் தந்தார். அந்த ஒரு பதிலைத்தான் நான் அன்று இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஒரு பங்கு நான்கு லட்சம். வளையல்களை அடகு வைத்து ஒன்றரை லட்சம் எடுத்தேன். மிச்சம் இரண்டரை லட்சத்தையும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கச்சி தந்தாள். தன் மகளின் படிப்புக்கென்று அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. எடுத்துத் தரும்போது, "அக்கா, இது பூட்டினா கட்டாயம் லைட் இருக்கும்தானே?" என்று கேட்டாள். அந்தக் கம்பெனிக்காரரே சொன்னார், என் காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

கறுப்புப் பலகைகள் கூரையில் ஏறின. மாதாமாதம் அங்கிளின் கணக்குக்குக் காசு வந்தது, மூன்றாகப் பிரித்தார், என் பங்கைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். காகத்தின் எச்சத்தையும் கடற்காற்றின் உப்பையும் நான்தான் கழுவினேன். மற்ற இருவரும் வேலையுள்ளவர்கள். சித்திரை வருடப்பிறப்பு லீவில் பகலில் சோலரை நிறுத்திவைக்கும்படி செய்தி வந்தது. கந்தோரும் பக்டரியும் பூட்டியிருப்பதால் கரண்ட் மிஞ்சிவிட்டதாம். லைட் இல்லாமல் செத்த நாட்டில் வெயில் கூடிப்போச்சு என்று நிறுத்தச் சொல்கிறார்களே என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தினால் திரும்ப வேலை செய்யுமா என்று படியேறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

இடையில் லைட் போகாமலில்லை. இரவில் போனால், வெயில் இல்லைதானே என்று நினைத்தேன். ஒருதரம் பகலில் போனபோது அங்கிளிடம் சொன்னேன். கொஞ்சம் பொறும் என்றார். பொறுத்தேன், சிறிது நேரத்தில் வந்துவிட்டது. சோலர் தொடங்க நேரம் எடுக்கும் போல என்று நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடை என்னிடம்தான் எப்போதும் எடுத்தது. அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு அறுநூறு மீன் ரோல்ஸ் கேட்டார்கள். நன்றாக நடந்தால் இனி ஒவ்வொரு கிழமையும் எடுப்போம் என்றார் முதலாளி. நான்கு நாள் சுற்றினேன். பிரீசர் மூடி முட்டும்வரை நிரம்பியது. திருவிழாவுக்கு முதல் நாள், மேகம் ஒன்றும் இல்லாத காலையில், ஊர் முழுக்க லைட் போனது. எங்கோ பெரிய கோளாறு, எப்போது வரும் என்று தெரியாது என்று பக்கத்து வீட்டு ரேடியோ சொன்னது.

நான் பயப்படவில்லை. என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த நாள் என்று யாராவது கேட்டால் அந்த ஒன்றைத்தான் சொல்லலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், எங்களுக்குச் சோலர் இருக்கிறது, உங்கள் மீனையும் கொண்டுவந்து வையுங்கள் என்றுகூடச் சொன்னேன். அவள் மீனோடு வந்தபோதுதான் பிரீசரின் சத்தம் இன்னும் திரும்பவில்லை என்பது உறைத்தது. மேலே ஓடினேன். பலகைகள் கை வைக்க முடியாமல் கொதித்தன. சுவரில் பூட்டியிருந்த பெட்டியில் ஒரு சிவப்பு லைட்.

கம்பெனிக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். லைன் செத்தால் இதுவும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துகிறவனுக்குக் கரண்ட் அடிக்கும். எங்கேயும் இப்படித்தான். பற்றறி வைத்திருந்தால் வேறு கதை, நீங்கள் வைக்கவில்லையே. லைட் வெட்டமாட்டார்கள் என்று சொன்னீர்களே என்றேன். அது அந்தப் படிக்கட்டு லைட் மாதிரி, பில் கட்டாததுக்கு வந்து வெட்டுகிறதைத்தானே அக்கா கேட்டது என்றார். சோலர் காசில் பில் கழிந்துபோகும், இனிக் குறட்டோடு ஆள் வரமாட்டான், அதைத்தான் சொன்னேன் என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பில் கட்டாவிட்டாலும் லைட் வெட்டுவார்கள், கரண்ட் போதாமல் நேரம் போட்டும் லைட் வெட்டுவார்கள். சிங்களத்திலும் அதே சொல், எங்கள் வாயிலும் அதே சொல். ஏசுவதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது என்று அப்போது நினைத்தேன். மேல்வீட்டுக் கதவைத் தட்டும்வரை.

அங்கிள் வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது லைனோட இணைச்ச சோலர் எல்லே பிள்ளை. லைன் போனா அதுவும் போகும். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"எனக்குத் தெரியாது அங்கிள். நான் பிரீசருக்காகத்தானே காசு போட்டனான்."

"நீர் என்னட்டைக் கேட்கேல்லையே."

உண்மைதான், அவரிடம் கேட்கவில்லை. விற்க வந்தவனிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற படித்த மனிதருக்கு நான் என்ன நினைத்துக் காசு போடுகிறேன் என்று தெரிந்திருக்கும், மாடியிலிருந்து இறங்கும்போதே பிரீசர் இனிக் கவலையில்லை என்று இரண்டு தரம் சொன்னேன். அப்போது அவர் தலையாட்டினார். மூன்றாவது பங்கு இல்லாமல் அவருடைய கூரைக் கணக்குச் சரிவராது.

அவருடைய பற்றறியில் பிரீசரைக் கொழுவலாமா என்று கேட்டேன். அது ஃபேனுக்கும் வைஃபைக்கும் மட்டும்தான் தாங்கும் என்றார். அன்ரி இரக்கப்பட்டு, லைட் இல்லாமல் கிடந்த தன் பிரிஜில் இரண்டு பெட்டிக்கு இடம் கொடுத்தார். பெட்டியை வாங்கும்போது, நல்ல காலம் பிளாஸ்ரிக் இல்லை என்றார்.

ஐஸ் தேடிப் போனால் ஊரே ஐஸ் தேடிக்கொண்டிருந்தது. பொழுதுபட்டும் லைட் வரவில்லை. அது வந்த நேரம் ரோல்ஸ் எல்லாம் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே மீன் மணம் மாறியிருந்தது. பொரித்தால் தெரியாது என்றார் வீட்டுக்காரர். திருவிழாவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனால் என்ன செய்வது? கடை முதலாளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சரி அக்கா என்று மட்டும் சொன்னார். வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார், அதற்குப் பிறகும் அங்கேதான் எடுக்கிறார். உக்கும் குப்பை எடுக்கும் நாளில் எல்லாவற்றையும் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனபோது அங்கிள் மேலிருந்து எட்டிப் பார்த்து, கடதாசிப் பெட்டிகளைத் தனியாகப் பிரித்துப் போடும் என்றார். பிரித்துப் போட்டேன்.

அடுத்த கிழமை பற்றறிக்கு மூவரும் சேர்ந்து காசு போடலாமா என்று கேட்டேன். நானா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நானும் ஒங்களப் போலத்தான் விளங்கின தங்கச்சி" என்றார். ஆனால் அவருக்குக் கடையில் ஜெனரேட்டர் இருந்தது, வீட்டில் இருட்டு என்றால் கொஞ்ச நேரம் கடற்கரையில் போய் இருக்கலாம். பற்றறியின் விலையும் சோலரின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. அப்படியென்றால் என் பங்கைத் திருப்பித் தாருங்கள் என்றேன். கூரையில் பூட்டியதைக் கழற்றி எப்படி மூன்றில் ஒன்று தருவது என்று அங்கிள் கேட்டார். பிறகு சமாதானமாக, "நட்டமா நினையாதேயும், நாங்கள் நாட்டுக்கும் ஒரு நல்லது செய்யிறம்" என்றார்.

பிரீசரை ஒரு மீன்காரருக்கு விற்றேன். அந்தக் காசு முழுவதும் தங்கச்சிக்குப் போனது. இப்போது ஹோல் பெரிதாகத் தெரிகிறது. நான் விடியவே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், ஒரு கன்ரீனில் நாள் சம்பளத்துக்கு ரோல்ஸ் சுற்றுகிறேன். தங்கச்சி வீடு அங்கிருந்து இரண்டு தெரு. அவளுடைய மகள் படிக்கப்போகாமல் கடையொன்றில் காசாளராக நிற்கிறாள், அந்தக் கடை வாசலைத் தவிர்த்து நான் சுற்றுவழியால் நடக்கிறேன். தங்கச்சி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காமல் தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். அடகில் வளையல்கள் முழுகிவிட்டன, அது என்னுடைய நட்டம். சோலர் பங்கு மாதம் தவறாமல் வருகிறது, வந்த அன்றே அவளிடம் கொடுத்துவிடுகிறேன். எல்லாம் கழித்து அவளுக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாய்.