ஒரே கோடு போடச் சொன்னோம்

அன்றைக்குக் கரையில் மேடம் நின்றார். எங்கள் குப்பத்து நாட்டார் நின்றார், ஊருக்குத் தலைவர் அவர்தான். அண்ணன் நின்றான். ஏலம் முடிந்து மீன்கூடையோடு வந்த அண்ணி, கூடையை இறக்காமலே நின்றாள். மேடம் கொண்டுவந்த காகிதம் காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கல் ஏற்றிவந்த டிராக்டர்காரர் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அந்தக் காகிதம் பாதிப் பாய் அளவு இருக்கும். எங்கள் கரை முழுதும் அதில் இருந்தது. கடல் நீலம், தரை வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் அரைத்த மஞ்சளைப் பூசியதுபோல ஒரு பட்டை. பட்டையின் நடுவே நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பத்து வருஷத்தில் கடல் அதுவரைக்கும் வரும் என்று கம்ப்யூட்டர் சொன்னதாக எல்லாரும் சொல்லிக்கொண்டோம். மேடம் அப்படிச் சொல்லவில்லை.

மேடத்துக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கணவருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. இவருக்குக் கடல் அரிப்பைக் கணக்கெடுக்கிற வேலை. தெற்கே ஒரு ஓட்டல்காரர் தன் இடத்தைக் காப்பாற்றக் கடலுக்குள் கல் கொட்டினார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து மணல் கரைய ஆரம்பித்தது. மேடம் மாதாமாதம் வந்து அளந்தார். அளவுக் கட்டையை நிமிர்த்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் போனேன். நான் படித்தது நாலாவது. கட்டையை ஆடாமல் பிடிக்க அது போதும். மேடம் என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினார். ஒரு பொத்தானை அமுக்கினார். எங்கள் கரை ஒரு கோடாக வந்தது. மறுபடி அமுக்கினார். இன்னொரு கோடு, கொஞ்சம் தள்ளி வந்தது. அலை கூடினால் ஒன்று, புயல் வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று என்று கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கடைசியில் பட்டையாகிவிட்டது. "இதுல எது மேடம் நெசம்?" என்று கேட்டேன். "எதையும் நெசம்னு சொல்ல முடியாதுக்கா. இந்தப் பட்டைக்குள்ள எங்க வேணும்னாலும் கடல் நிக்கலாம். நடுவுல நிக்க வாய்ப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது அப்போதே விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

கடல் எதுவரை வரும் என்று கரையில் அடையாளக் கல் நடுகிற அன்று மேடம் மஞ்சளின் இரண்டு ஓரத்திலும் கல் நடவேண்டும் என்றுதான் சொன்னார். நாட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு கோடு போட்டீன்னா, எந்தக் கோடுன்னு இவனுங்க அடிச்சிக்கினு சாவானுங்கம்மா. ஒண்ணு போடு. போட்டா போட்டதா இருக்கணும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்துக் குப்பத்தோடு வலை இழுக்கிற எல்லைச் சண்டை வந்தபோது, ஒரு பனைமரத்திலிருந்து கடலைப் பார்த்து ஒரே கோடு போட்டுத்தான் தீர்த்தார்கள். இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. அதற்குப் பிறகு யாரும் தாண்டியதில்லை. எங்கள் ஊரில் கோடு என்றால் இரண்டு பேரும் சம்மதித்தார்கள் என்று அர்த்தம். இந்தக் கோட்டில் எதிர்ப்பக்கத்து ஆள் கடல் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மேடம் வெகுநேரம் காகிதத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நடுவுலயே போடுங்க" என்றார்.

முதல் கல்லுக்கு நாட்டார் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். மேடம் பதறிப்போனார். "ஐயோ, இதுக்கு எதுக்குங்க பூஜை?"

"கடலம்மாவுக்கும் தெரியணும் இல்ல?" என்றார் நாட்டார்.

அண்ணி சிரித்தாள். "இன்னா மேடம், கம்ப்யூட்டரு சொன்னா கடலு கேட்டுக்குமா? அதுக்கு இன்னா படிப்பு கீது?" எல்லாரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்போது வீடு கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தான். கீற்றுக் கொட்டகை இரண்டு தடவை எரிந்துபோய், தளம் போட்ட மெத்தை வீட்டில்தான் பிள்ளைகளைப் படுக்கவைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். "நீயா இருந்தா எங்க கட்டுவ மேடம்?" என்று கேட்டான். மேடம் யோசிக்கவே இல்லை. "மஞ்சளுக்கு அப்பால கட்டுவேன் அண்ணாச்சி."

மஞ்சளுக்கு அப்பால் சவுக்குத் தோப்பு. அது மெட்ராஸ்காரர் ஒருவருடையது, முள்கம்பி போட்டிருந்தது. அதைத் தாண்டினால் ரோடு. அண்ணன் தோப்பைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். "அப்போ கல்லுக்கு இந்தாண்ட" என்று கல்லுக்கும் தோப்புக்கும் நடுவில் இருந்த மணலைக் காட்டினான்.

வீடு எழும்பியது. எங்கள் வரிசையில் முதல் மெத்தை வீடு அது. படகில் தனக்கிருந்த பங்கை விற்றுக் கட்டினான். கிரகப்பிரவேசத்துக்கு மேடம் வந்தார். மொட்டைமாடிக்கு ஏறியவர் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பிடக் கூப்பிடப் போன என்னிடம், "இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கலாம்க்கா" என்றார். "தள்ளி எங்க மேடம்? முள்கம்பி மேலயா?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இருக்கிறது. அவர் கீழே இறங்கி வந்து பந்தியில் உட்கார்ந்தார். இலையில் வைத்தது அப்படியே இருந்தது.

சில வருஷம் கடல் சும்மா இருந்தது. கம்ப்யூட்டர் வீணாகப் பயம் காட்டியது என்று பேச ஆரம்பித்தார்கள். மேடத்துக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பிறகு ஒரு ஐப்பசியில், சுனாமிக்கு முன்னால்தான், கடல் உள்ளே வந்தது. ஒரேயடியாக இல்லை. தினம் கொஞ்சம் மணலை அடியிலிருந்து எடுத்தது. அண்ணன் முதலில் கதவுகளைக் கழற்றினான். பிறகு ஜன்னல்கள். ஸ்விட்சு பலகையைக்கூட விடவில்லை. ஒரு மத்தியானம், நாங்கள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடல் பக்கத்துச் சுவர் உட்கார்ந்தது. விழவில்லை, உட்கார்ந்தது. மாடி அதன்மேல் சரிந்தது. அண்ணி அழவில்லை. "அடுப்பு உள்ள கீது" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குப்பத்தின் வடக்குப் பாதியில் கடல் கல்லைத் தொடவே இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் மேடத்தைத் தெய்வம் என்றார்கள். எங்கள் வரிசை அவரை ஏமாற்றுக்காரி என்றது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே காகிதம்தான். கடல் அந்தப் பக்கம் குறைவாக வந்தது, இந்தப் பக்கம் கூடுதலாக வந்தது. எங்கேயும் மஞ்சளைத் தாண்டவில்லை. கணக்கு தப்பில்லை. நாங்கள்தான் பட்டையைக் கோடாக்கச் சொன்னோம், மேடமும் ஆக்கிக் கொடுத்தார். இத்தனை வருஷம் கழித்தும் யாரையும் முழுசாகக் குறை சொல்ல எனக்கு வரவில்லை. இருந்தாலும் அந்தச் "சரி"யை அவர் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது போனிலேயே மழை வருகிறது. "அறுபது பெர்சென்ட் மழ ஆயா" என்கிறாள் பேத்தி. "மீதி நாப்பது?" என்று கேட்கிறேன். அவளுக்கு அது கிண்டலாகப் படுகிறது. அண்ணன் படாளம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் காவலுக்கு இருக்கிறான். கடல் சத்தம் கேட்காத இடம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "கீறேன்" என்பான்.

மேடத்தைக் கடைசியாகப் பார்த்தது வீடு இடிந்த பிறகு. செய்தி கேட்டு அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார். அண்ணி அவரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா! எங்களுக்குக் கோடு காட்டினியே, கடலுக்குக் காட்டினியாடி?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன்தான் குறுக்கே வந்தான். "சும்மா கெட. அப்பால கட்டுன்னுதான் அந்தம்மா சொல்லிச்சு. அப்பால நமக்கு எடம் இல்ல. அதுக்கு அது இன்னா பண்ணும்?"

கல்லைத் தாண்டிக் கடல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளக்கணும் என்றார் மேடம். கல் வரிசை தண்ணீருக்குள் போயிருந்தது. ஒரு கல் மட்டும் சாய்ந்து தலை காட்டியது. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி டேப்பின் முனையை அதன்மேல் வைத்துப் பிடித்தேன். மேடம் மறுமுனையை எடுத்துக்கொண்டு, அடுப்பங்கரை இருந்த இடத்தையும் கூடம் இருந்த இடத்தையும் தாண்டி, மணல் அறுந்து நின்ற விளிம்புவரை ஏறினார். குனிந்து பார்த்தார். எப்போதும் உரக்கப் படித்துச் சொல்பவர், அன்றைக்குப் படிக்கவில்லை. அண்ணன் அவர் பக்கத்தில் போய்க் குந்தி, அவர் கைக்குக் கீழே டேப்பைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி சொன்னான்.

பதினேழு அடி.