அக்கா கீறிய கறள்

நிலாவெளி உப்பளத்தில் பதினொரு நாள் வேலை செய்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். காலில் உப்பு வெடிப்பு. தோளில் ஒரு உடுப்புப் பை. நகரம்வரை நடந்துவந்து பார்த்தால், வீட்டில் அக்கா இல்லை. பக்கத்து வீட்டார் துறைமுகத்துப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினரே, நண்பர்களே, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நன்றியைக் கடைசிக்கு வைத்தால் தவறவிட்டுவிடுவேன். ஆகவே இப்போதே சொல்கிறேன். அவர் படுத்திருந்த மூன்று மாதமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அயலவருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், வேலைக்குப் போகாமல் வந்து பந்தல் போட்ட துறைமுகத் தொழிலாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா இதே ஊரில் பிறந்தவர். ஐயா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. தையல் மெசினை மிதித்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு பாடசாலையில் தையல் ஆசிரியையானார். கல்யாணம் செய்யவில்லை, அதற்காக வருந்தி நான் கண்டதும் இல்லை. சம்பளம் வந்தால் முதலில் அரிசி, அடுத்தது எண்ணெய் வர்ணம். பழைய படகுப் பாய்ச்சீலையைச் சட்டத்தில் இழுத்து அறைந்து அதில் படம் கீறுவார். வயல், கண்டல் காடு, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். கடைசிக் கிழமையிலும் நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது.

நான் உப்பளத்தை விட்டு வந்த அன்று, துறைமுக இறங்குதுறையில் அவர் கீறிக்கொண்டிருந்தது ஒரு பழைய பாரந்தூக்கியை. அடி முதல் நுனி வரை கறள், வெறும் துரு. பின்னால் அக்கரையின் பச்சை மலை. படத்தில் மலை முடிந்திருந்தது. பாரந்தூக்கி பாதியில் நின்றது. ஆனால் அக்காவின் முகம் சரியில்லை.

"உப்பளத்தையும் விட்டிட்டியோ?" என்றார்.

"ஓம். அது கிடக்கட்டும். உங்களுக்கு என்ன?"

"நாளைக்கு இதுக்குப் பெயின்ற் அடிக்கப் போயினமாம்."

அக்காவை உள்ளே விட்டுக் கதிரையும் கொடுத்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த துறைமுக ஓவசியர். படத்தை எட்டிப் பார்த்த அந்த நல்ல மனிதருக்கு வெட்கமாகிவிட்டதாம். ரீச்சர் வந்து கீறுகிற சாமான் இப்படிக் கறள் பிடித்தா நிற்பது? படம் எடுக்க முன்னர் பிள்ளைக்கு முகம் கழுவிப் பவுடர் போடுவதுபோல, பாரந்தூக்கிக்குச் சாம்பல் நிற வர்ணம் ஏற்பாடு செய்துவிட்டார்.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோவன்," என்றேன்.

"அந்த மனிசன் எனக்காகச் செய்யுது. என்னெண்டு சொல்லுறது? இந்தக் கறளுக்காகத்தானடா நான் வந்தனான். காலை வெயிலிலைதான் அது சிவக்கும். இன்னும் ரெண்டு காலமை கிடைச்சால் முடிச்சிடுவன்."

அப்போது ஓவசியரே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ரீச்சர், நாளைக்குப் பாருங்க, புதுமாப்பிள்ளை மாதிரி நிப்பாட்டுறன். ஒரு ஆள்தான் குறையுது. உயரத்தில ஏற ஒருத்தனும் வாறானில்ல."

அக்கா தூரிகையைத் துடைத்தபடி குனிந்துகொண்டார்.

"நான் ஏறுவன், நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

அவர் என் காலைப் பார்த்தார். "உப்பளத்துக் கால். எத்தனை நாளைக்கு நிப்பாய் தம்பி?"

"முடியுமட்டும் நிப்பன்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 

மறுநாள் காலை ஆறரைக்குச் சுரண்டியும் வாளியுமாக ஏறினேன். கடல் பக்கத்தில், அக்காவின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொடங்கினேன். ஒவ்வொரு ஆணித் தலையையும் தனித்தனியாகச் சுரண்டினேன்.

"டேய் தம்பி, மருதோண்டியா வைக்கிறாய்?" என்று கீழிருந்து ஓவசியர் கத்தினார்.

"வடிவாச் சுரண்டாட்டிப் பெயின்ற் பிடிக்காது, நானா!"

மறுபக்கத்திலிருந்து அக்கா சிரிப்பது கேட்டது. என் வாழ்நாளில் எத்தனையோ வேலைகளை அவசரமாய்ச் செய்து, அதைவிட அவசரமாய் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைச் சுரண்டி முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.