வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பரீட்சை

இந்த மலேசியாவில் பரீட்சையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். நம்ம ஊரில் இருக்கிறவர்கள் நம்பினால் நம்புங்கள். மலாக்கா டவுனில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். மானேஜர் மிஸ்டர் தர்மா, இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். ஒரு தாளையும் ஒரு பிளாப்பி டிஸ்க்கையும் நீட்டி, "வீட்டில செய்து கொண்டு வாங்கோ, ஒன் வீக்" என்றார். செம்பனை எண்ணெய் ஆலைக்கு வரும் லாரிகளை எடை போட்டுக் கணக்கு வைக்க ஒரு புரோகிராம். முதல் எடை, இரண்டாம் எடை, வித்தியாசம், அவ்வளவுதான் கேள்வி. காவலுக்கு ஆள் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

விருதுநகர்ப் பக்கம் நான் படித்த கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் என்று ஒரு தேர்வாளர் வருவார். புரோகிராம் ஓடினாலும் மனிதர் மசிய மாட்டார். இந்த வரி எதற்கு, அதை எடுத்தால் என்ன ஆகும் என்று குடைந்தெடுப்பார். மனசுக்குள் திட்டிக்கொண்டே பதில் சொல்வோம். ஆனால் வெளியே வரும்போது அது நான் எழுதியதுதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்காது.

மலாக்காவுக்குப் பக்கத்தில், நாங்கள் குடியிருந்த மெர்லிமாவில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கடைத்தெரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் வாடகைக்கு உட்கார்ந்து எழுதினேன். தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் சேகர் அந்த வாரம் சமையலை எடுத்துக்கொண்டார். வேலை கிடைத்தால்தான் கம்பெனி எனக்கு வேலை பெர்மிட் எடுக்கும். இல்லாவிட்டால் படித்த படிப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சேகரின் மனைவி என்று மட்டும் இருக்க வேண்டியதுதான்.

என் சொந்த ஊரான சாத்தூரில் எங்கள் தெருமுனையில் ஒரு எடைமேடை உண்டு. லாரி முதலில் காலியாக ஏறும், பிறகு தீப்பெட்டி பண்டல்களோடு ஏறும். அதை நினைத்தே எழுதிவிட்டேன். பிறகு சந்தேகம் வந்து, சேகரின் மோட்டர் சைக்கிளில் ஆலை வாசலுக்குப் போய்ப் பார்த்தால் கதையே தலைகீழ். செம்பனைப் பழ லாரி கனத்தோடு வந்து காலியாகப் போகிறது. எண்ணெய் லாரியோ காலியாக வந்து கனத்தோடு போகிறது. இரண்டுக்கும் இடம் வைத்துத் திரும்ப எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது தர்மா பிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். ஓடியது. என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த சேகரிடம் கேட்டார்.

"நீங்க ஹெல்ப் பண்ணினீங்களா?"

"எனக்கு மெஷின் ரிப்பேர்தான் தெரியும் சார். நான் சோறுதான் ஆக்குனேன் லா."

தர்மா சிரித்தார். "ஓகே, வி வில் கால் யூ" என்று எழுந்தார். நான் எழவில்லை.

"சார், என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே."

"கேட்க என்ன இருக்கு? புரோகிராம் ஓடுதே."

"யார் எழுதுனதுன்னு உங்களுக்குச் சந்தேகம் இருக்கு. அப்ப என்னையத்தான கேக்கணும்? கேளுங்க. கேக்காம நான் போக மாட்டேன்."

சேகர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் அசையவில்லை. தர்மா மறுபடி உட்கார்ந்து, சும்மா இரண்டு எடைகளை அடித்துப் பார்த்தார்.

"செகண்ட் வெயிட் ஃபர்ஸ்ட விடக் கூட வந்தா எரர் காட்டணும். ஏன் காட்டேல்ல?"

"அது எண்ணெய் ஏத்த வந்த லாரி சார். உங்க தாள்ல அந்த லாரியவே காணோம். ஆலை வாசல்ல நின்னு பாத்துட்டு வந்து எழுதுனேன்."

அதன் பிறகு அவர் நிறையக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எக்ஸ்டர்னலை முதல்முறையாக அன்போடு நினைத்துக்கொண்டேன். கடைசியில், "மண்டே வேலைக்கு வாங்கோ" என்றவர், புரோகிராமின் முதல் வரியைக் காட்டினார். கல்லூரிப் பழக்கத்தில், நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டி, 'எஸ். கலைவாணி, சாத்தூர்' என்று போட்டிருந்தேன்.

"இதை மட்டும் எடுத்திடுங்கோ. நாங்க பேர் போடுறதில்ல."

"பேர எடுக்க மாட்டேன் சார். வேணும்னா ஊர மாத்துறேன்."

அவர் சேகரைப் பார்த்தார். சேகர் கூரையைப் பார்த்தார். தர்மா கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

கர்சரை சாத்தூருக்குக் கொண்டுபோனேன். அழிக்கும் பொத்தானில் விரல் இருந்தது. அழுத்த மனசு வரவில்லை. அதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து, மெர்லிமாவ் என்று அடித்தேன். இரண்டு ஊருக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. மெர்லிமாவ் நட்சத்திரங்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இருக்கட்டும் என்று அப்படியே சேமித்தேன்.