உள் ரூம் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் எந்த ஸ்குரூவும் ஒரு மாதத்துக்கு மேல் ஒழுங்காக நின்றதில்லை. தமிழும் தெலுங்கும் புழங்கும் நகரியில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள் ஓடின. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. தறி ஓடுகிற நேரமெல்லாம் சுவர் அதிரும். சுவரோடு நிலையும் நிலையோடு கதவும் அதிரும். கீல், கொக்கி, தாழ்ப்பாள் எதிலிருந்தாலும் ஸ்குரூக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை வெளியே நீட்டி, ஒருநாள் தரையில் கிடக்கும். பெருக்கும்போது அம்மா அவற்றைப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள்.

நைனாவிடம் அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஓட்டை தேய்ந்து அகலமாகிவிட்டால் ஸ்குரூ சும்மா சுற்றும், பிடிக்காது. அவர் தீக்குச்சியின் மருந்தை ஒடித்துப் போட்டுவிட்டு, குச்சியை வெள்ளைப் பசையில் தோய்த்து, ஓட்டைக்குள் இரண்டு மூன்றை அடைப்பார். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் சீவுவார். ஒருநாள் காயவிட்டு மறுநாள் ஸ்குரூவை முடுக்கினால், புது மரத்தில் இறங்குவதைப்போல இறுகி இறங்கும். பத்து வயதில் எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு வராது. ஆனால் எந்த ஓட்டைக்கு எத்தனை குச்சி என்று பார்த்ததுமே சொல்லிவிடுவேன்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, சூளூர்பேட்டையிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா" என்றாள். ஆனால் சும்மா இருக்கத்தான் அவளால் முடியவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து சன்னலுக்குப் போவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். என்னோடு தாயம் ஆட உட்கார்ந்தால், தன் முறை வருவதற்குள் எழுந்துபோய்விடுவாள்.

எனக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் அம்மா சமையல்கட்டில் அவளிடம் பேசினாள். "கோவம் யாருக்குத்தான் இல்ல? எங்க வூட்டு மாமாவுக்கு இல்லியா? நாலு நாள் இருந்துட்டுப் போ, எல்லாம் சரியாப் பூடும்." சித்தி குழாயைத் திறந்துவிட்டாள்.

நானும் அவளும் உள் ரூமில் படுத்தோம். முதல் நாளே அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது.

"இது நிக்காதா?"

"அத யாருமே போட மாட்டாங்க சித்தி."

மறுநாள் நைனாவிடம் கேட்டாள். "உள் ரூமுக்கு எதுக்கும்மா தாப்பா? ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்றார் அவர். அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எதுவென்று அவருக்கே தெரியாது. சித்தி மூன்று முறை கேட்டாள். ஒரு தாழ்ப்பாளுக்காக ஒருத்தி இவ்வளவு பாடுபடுவதைப் பார்க்க எனக்கே வேடிக்கையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா, "நாளைக்கு ஒன் வூட்டுக்காரரு வர்றாராம். போன் பண்ணிட்டேன்" என்றாள். நல்ல செய்தி சொல்லுகிற முகத்தோடுதான் சொன்னாள். சித்தி நேராக என்னிடம் வந்தாள். அவள் கையில் திருப்புளி இருந்தது.

"ஒனக்குத் தெரியும்ல? எப்டின்னு சொல்லு, நான் செய்றேன்."

பெரியவர்கள் யாரும் அதுவரை என்னிடம் எதையும் சொல்லித்தரச் சொல்லிக் கேட்டதில்லை. நான் உடனே மேஸ்திரி ஆகிவிட்டேன். கதவுப் பக்கம் நாலு ஓட்டை, நிலைப் பக்கம் ரெண்டு. பசையை அதிகம் ஊத்தாதே, குச்சியை முறிக்காதே என்று அதட்டினேன். நிலைப் பக்கத்துக்கு மட்டும் டப்பாவைக் கவிழ்த்து நீளமான ஸ்குரூக்களாகத் தேடினேன். "அங்கதான் இழுக்கும்" என்று நைனாவின் குரலிலேயே விளக்கினேன். சித்தி நடுநடுவே எழுந்து சன்னலுக்குப் போனதால் பாதிக் குச்சிகளை நான்தான் அடைத்தேன்.

காயவிடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அரைமணிக்கு ஒருதரம் வந்து, "காஞ்சிடுச்சா?" என்பாள். விரலால் தொட்டுப் பார்ப்பாள். வாயால் ஊதுவாள். "தொட்டுக்கினே இருந்தா புடிக்காது சித்தி" என்று நான் கோபித்துக்கொண்டேன். சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக ஆறு ஸ்குரூவையும் முடுக்கினோம். கடைசிச் சுற்றுக்கு அவள் இரண்டு கையாலும் திருப்புளியைப் பிடித்துத் திருகினாள். பிறகு தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள்.

அன்று கரண்ட் இல்லை, தறிகள் நின்றிருந்தன. பத்து மணிவாக்கில் சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மைசூர்பாகு, எனக்கு ஸ்கெட்ச் பென் செட். எனக்கு அவரை எப்போதுமே பிடிக்கும். நைனாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "அவ மேல தப்பில்ல அண்ணா. நாந்தான் வேல வேலன்னு அலைஞ்சிக்கினு இருந்துட்டேன்" என்றார். அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வெக்கப்படுறா" என்று அம்மா சமாளித்தாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஒற்றை விரலால் கதவைத் தட்டினார். "வா, பஸ்ஸுக்கு நேரமாவுது. அக்கா என்ன நெனப்பாங்க?" உள்ளங்கையால் தள்ளினார். கதவு அசையவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அது வராது சித்தப்பா. நான் போட்டது!" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளால் மோதினார். ஒருமுறை, இரண்டுமுறை. அதுவரை தமிழில் இருந்த குரல் தெலுங்குக்கு மாறியது. "தலுப்பு தீயவே!" என்று கத்தினார். கதவைத் திறடி என்பதோடு நிறுத்தவில்லை. அதற்குப் பின்னால் வந்த வார்த்தைகளை நான் எங்கள் தெருவில்கூடக் கேட்டதில்லை. பிறகு காலால் உதைத்தார். நிலைக்கு மேலிருந்து காரை உதிர்ந்து அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. தறிச் சத்தம் இல்லாத வீட்டில் ஒவ்வோர் உதையும் இடி மாதிரி கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் ஐந்து. தாழ்ப்பாள் அசையவில்லை. கைதட்டவேண்டும் போல இருந்தது எனக்கு.

நைனா காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். "தம்பி, போதும். கெளம்பு" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

சித்தப்பா போய்விட்டார். பஞ்சாயத்து, வக்கீல் என்று அதன்பிறகு இரண்டு வருஷம் இழுத்தது. சித்தி சூளூர்பேட்டைக்குத் திரும்பவே இல்லை. இப்போது அலிபிரி பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாள். அங்கே பிள்ளைகள் அவளுக்கு நன்றாகவே பயப்படுகிறார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு மனத்தாங்கல்தான். எல்லோரும் என் வேலையைப் பாராட்டவேண்டிய நேரத்தில், பால் வாங்கிவா என்று அம்மா என்னைக் கடைக்குத் துரத்திவிட்டாள். வீட்டில் பால் இருந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே போய், வழியில் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் தாழ்ப்பாள் கதையைச் சொல்லி, மெதுவாகத் திரும்பிவந்தேன்.

உள் ரூம் திறந்திருந்தது. சித்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு உச்சியிலிருந்து இறங்கி வலது காதுக்குப் பின்னால் ஓர் இடத்துக்கு வந்ததும் நின்றது. அம்மா அதைத் தூக்கி, அந்த இடத்தை விட்டுவிட்டு, கீழேயிருந்து வாரினாள். மறுபடி மேலேயிருந்து வந்தாள். மறுபடியும் அங்கேயே நின்றாள். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

இதற்கெல்லாமா அழுவார்கள் என்று எனக்கு அலுப்பாக வந்தது.

"எண்ண வெச்சி வாரும்மா" என்றேன். "சிக்கு தன்னால பூடும்."